நத்தார் வரைக்கும்

நடுக்கதவு என்று சொன்னால் என் வயதுக்காரருக்கு விளங்கும். கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத்துச் சந்துகளில், ஒழுங்கைகளில், ரயில் போகும்போது அலுமாரித் தட்டில் கோப்பைகள் கிலுகிலுக்கிற வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இன்னும் நன்றாக விளங்கும். இப்போதைய பிளட்டுகளில் ஆளுக்கொரு கதவு. சாத்தினால் அவரவர் பாடு. அந்த நாளில் ஒரு வீட்டைக் குறுக்கே பிரித்து ஒரு பாதியில் நாங்கள் இருப்போம், மறு பாதியை அனெக்ஸ் என்று வாடகைக்கு விடுவோம். இரண்டுக்கும் நடுவில் ஒரு கதவு இருக்கும். அதைக் கல் வைத்து அடைக்கவும் மாட்டோம், திறந்து போடவும் மாட்டோம். தாழ்ப்பாள் எங்கள் பக்கம்.

ஏன் அடைக்கவில்லை என்றால், பயம்தான். அந்த நாளில் வாடகைச் சட்டம் குடியிருப்பவர் பக்கம் நின்றது. ஒருவர் வந்து உட்கார்ந்துவிட்டால் அவரை எழுப்புவது இலேசான காரியமில்லை. பக்கத்து ஒழுங்கையில் ஒரு கிழவர், வாடகைக்கு விட்ட தன் வீட்டை வெளியே நின்று பார்த்துப் பார்த்தே செத்துப்போனார். உள்ளே இருந்தவர்கள்தான் முதல் மாலை வாங்கிக்கொண்டு வந்து போட்டார்கள். ஒழுங்கை முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிப் பயந்தது.

நடுக்கதவு இருந்தால் அது ஒரே வீடாம். அங்கே இருப்பவர் எங்களோடு தங்கியிருக்கிறவராம். கதவை அடைத்தால் அது தனி வீடாகிவிடும், அவர் குடியிருப்பாளராகிவிடுவார். சட்டத்தில் உண்மையில் அப்படி இருந்ததோ எனக்குத் தெரியாது. சித்தப்பா சொன்னார், நாங்கள் நம்பினோம். சித்தப்பா ஒரு பிரக்கிராசியாரிடம், அதாவது வக்கீலிடம், கிளாக்கராக இருந்தவர். கறுப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் நின்று நின்று, தானே அந்தக் கோட்டைப் போட்டவர் மாதிரித்தான் கதைப்பார்.

நான் பள்ளிக்கூடத்தில் நெடுநாள் நின்றவள் இல்லை. பேர் எழுதுவேன், பேப்பரில் பெரிய எழுத்து வாசிப்பேன். இதை எழுதி முடிக்க எனக்குப் பல நாள் பிடிக்கும், பிடிக்கட்டும். ஆனால் அம்மாவுக்குப் பிறகு இந்த அனெக்ஸை நான்தான் பார்த்து வருகிறேன். எவரும் என்னை ஏமாற்றியதில்லை. வக்கீல் வீட்டு வாசலை நான் மிதித்ததில்லை. அந்தப் பெருமை எனக்கு உண்டு, ஒளிக்க மாட்டேன்.

வீட்டை வாடகைக்கு விடுவதென்றால் மாதம் பிறக்கக் கையை நீட்டுவது என்று சிலர் நினைக்கிறார்கள். கடற்கரையில் வீடு வைத்திருந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். உப்புக்காற்று இரும்பைத் தின்னும். கதவுப் பிணைச்சல் இறுகும், ஆணி பூத்துச் சுவரை வெடிக்கப் பண்ணும். மழைக்கு முன்னம் ஓடு மாற்ற வேண்டும், கூரைப் பீலியில் அடைந்த இலையை வழிக்க வேண்டும். கதவு நிலையில் கறையான் ஏறியிருக்கிறதா என்று விரலால் தட்டிப் பார்க்க வேண்டும். அம்மா தட்டிப் பார்த்தே சொல்லுவார். அப்பா காலையில் கந்தோருக்கு வேலைக்குப் போனால் வீடு அம்மாவின் கையில்தான்.

வியாழக்கிழமை பின்னேரங்களில் அம்மா ஒரு சின்னப் போத்தலில் தேங்காய் எண்ணெயும் ஒரு கோழி இறகும் எடுத்துக்கொண்டு வீட்டுத் தாழ்ப்பாள்களுக்கெல்லாம் எண்ணெய் விடுவார். நடுக்கதவுத் தாழ்ப்பாளுக்கு இரண்டு தரம் விடுவார். ஏனென்றால் மறுநாள் வெள்ளிக்கிழமை. அன்றைக்குத்தான் அந்தக் கதவு திறக்கும்.

வெள்ளிக்கிழமை பொழுதுபட, சாமி அறையில் விளக்கு வைத்த கையோடு, அம்மா தணல் சட்டியில் சாம்பிராணி தூவி எங்கள் அறைகளுக்கெல்லாம் புகை காட்டுவார். பிறகு நடுக்கதவை ஒரு தட்டுத் தட்டித் திறந்து, அனெக்ஸுக்குள் போய் அங்கேயும் மூலை மூலையாகக் காட்டிவிட்டு வருவார். பார்க்கிறவர்களுக்குப் பக்தி. உண்மையில் அது சித்தப்பாவின் யோசனை. கிழமைக்கு ஒருதரம் வீட்டுக்காரி தன் கதவால் நுழைந்து தன் வீட்டுச் சாமி காரியத்தைச் செய்துவிட்டுப் போகிறாள் என்றால், அது ஒரே வீடுதானே என்பது அவர் கணக்கு.

இந்த ஏற்பாடு தொடங்கியபோது குடியிருந்த ஒரு வாத்தியார் குடும்பம் மூக்கைப் பொத்திக்கொண்டு இருமும். அடுத்து வந்தவர்கள்தான் அந்தப் புகைக்குத் தலையைக் குனிந்து கொடுத்தார்கள். அவர்களைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

அவர்கள் சித்திரை வெயிலில் வந்தார்கள். கொட்டாஞ்சேனை ஆட்கள், வேதக்காரர்; கிறிஸ்மஸை நத்தார் என்பவர்கள். அவர் துறைமுகத்தில் எழுத்து வேலை. அவவுக்கு அப்போது பெரிய வயதில்லை, பிள்ளைகளும் இல்லை. எனக்குப் பால் பல் விழுந்து முடிந்திருந்த வயது. நான் அவரை அங்கிள் என்றும் அவவை அன்ரி என்றும் கூப்பிட்டேன். அவர்கள் இருவரும் அம்மாவை அக்கா என்றார்கள்.

முதல் நாளே அம்மா ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். எங்கள் பெரியக்காவுக்குச் சாதகம் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. அனெக்ஸ்தான் அவவின் சீதனம்.

"தம்பி, இது என்ர மூத்த மகளுக்கெண்டு வைச்சிருக்கிற பக்கம். சம்பந்தம் சரிவந்தா நான் கேக்கிற நேரம் விடோணும். அதுக்கு ஓமெண்டாத்தான் சாமானை இறக்கலாம்."

"சரி அக்கா. நீங்க சொன்ன நாளைக்கு சாவிய உங்க கையில வைப்பேன்."

"மாட்டிறைச்சி ஆக்கப்படாது."

"ஆக்க மாட்டோம் அக்கா."

அப்போது அன்ரி அவருடைய சட்டைக் கையைப் பிடித்து மெல்ல இழுத்தா. அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"ஒண்டு மட்டும் கேக்கலாமா அக்கா? நாங்க கட்டின நாளிலேருந்து எங்க அண்ணன் வீட்டுலதான் இருந்தோம். ஒரு ஹோல்ல நடுவுல சீலையக் கட்டி அந்தப் பக்கம் அவங்க, இந்தப் பக்கம் நாங்க. இவளுக்கு ஒரே ஒரு ஆசை. ஒரு நத்தாராவது நாங்க ரெண்டு பேரும் மட்டும் ஒரு வீட்டுல வைக்கணும். அது வரைக்கும் இருக்க விட்டீங்கண்டா போதும்."

அம்மா அன்ரியின் முகத்தைப் பார்த்தார். பிறகு சிரித்தார். அம்மா குடிவருகிறவர்களோடு சிரிக்கிறவர் இல்லை.

"நத்தார் வரைக்கும்தானே? அதுக்கு முன்னம் ஒருத்தரும் உங்களை எழுப்ப மாட்டினம். சாமானை இறக்குங்கோ."

சாமான் என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு கட்டில், ஒரு தையல் மெசின், திருஇருதயப் படம், மூடி போட்ட ஒரு மண்ணிற ஜாடி. அந்த ஜாடியை அன்ரி வேறொருவரையும் தொட விடாமல் தானே மடியில் வைத்து லொறியில் வந்திருந்தா.

முதல் வெள்ளிக்கிழமை அம்மா புகையோடு போனபோது நானும் பின்னால் போனேன். அன்ரி அடுப்பை விட்டு ஓடிவந்து, தலைக்குச் சேலைத் தலைப்பைப் போட்டுக்கொண்டு, புகைக்கு முன்னால் நெற்றியில் சிலுவை போட்டா. அம்மா திகைத்துப்போனார்.

"எங்க கோயில்லயும் தூபம் காட்டுவாங்க அக்கா. ஆனா வீட்டுக்கு யாரு கொண்டுவந்து காட்டுவாங்க? நீங்க எங்களையும் சேத்து நினைக்கிறீங்களே."

அம்மா என்ன சொல்லுவார்? "ஓம், ஓம்" என்று சொல்லிக்கொண்டே மூலைகளுக்குக் காட்டிவிட்டு வந்துவிட்டார்.

அதன் பிறகு வெள்ளிக்கிழமைகளில் அன்ரி மீன்கூட வாங்குவதில்லை. "எங்களுக்கும் வெள்ளி இறைச்சி இல்லத்தானே, அதோட இதையும் விட்டாச்சு" என்பா. புகை வரும் நேரத்துக்குத் தலைமுடியை அவிழ்த்துவிட்டு நடுக்கதவுக்கு அந்தப் பக்கம் காத்துக்கொண்டு நிற்பா. அம்மா முதலில் மூலைகளுக்கு மட்டும் காட்டினார். கொஞ்ச நாளில் அன்ரியின் தலைமுடிக்கும் காட்டத் தொடங்கினார். சட்டியை ஒரு கையில் பிடித்து, மறு கையால் புகையை அந்தக் கூந்தலுக்குள் தள்ளிவிடுவார். பெரியக்காவுக்கும் எனக்கும் செய்கிற மாதிரியே. அப்போது அம்மா சட்டத்தை நினைத்தாரோ என்னவோ, நான் நினைக்கவில்லை. எனக்கு அந்தக் கதவு திறக்கிறதே போதும்.

அந்த வருஷம் எனக்கு இரண்டு வீடு இருந்தது. எங்கள் பக்கத்தில் பெரியவர்கள் எந்த நேரமும் சாதகம், பொருத்தம் என்று கதைத்தார்கள். நான் முன்பக்கத்தால் சுற்றிக்கொண்டு அனெக்ஸுக்குப் போய்விடுவேன். அங்கே தையல் மெசின் ஓடும், ரேடியோ மெதுவாகப் பாடும். அன்ரி பாணில் பட்டரும் சீனியும் தடவித் தருவா. மழைக்காலம் தொடங்கியதும் ஒரு பின்னேரம் அந்த மண்ணிற ஜாடியை எடுத்துக் காட்டினா. உள்ளே சின்னச் சின்னதாக வெட்டின பழம் ஊறிக்கொண்டிருந்தது. மூடியைத் திறந்தவுடன் வந்த வாசத்தை என்னால் எழுதத் தெரியாது. இனிப்பும் கறுவாவும், மூக்கின் அடியில் ஏறுகிற ஒரு காரமும்.

"என்ன அன்ரி இது?"

"நத்தார் கேக்குக்கு. இன்னும் ஊறணும். அவசரப்படுத்தக் கூடாது."

"எனக்குத் தருவீங்களோ?"

"உனக்கில்லாமலா? நீதானே என் முதல் விருந்தாளி. அங்கிள் வாசலுக்கு மேல நட்சத்திரம் கட்டுவார். நீ உள்ள மெழுகுதிரி கொளுத்தணும். பாலன் குடில் இந்த மூலையில. ஆட்டுக்குட்டிய நீதான் வைக்கணும்."

அன்று தொடக்கம் நானும் நத்தாருக்குக் காத்திருந்தேன். சைவப் பிள்ளை, தீபாவளிக்குக்கூட அப்படிக் காத்திருந்ததில்லை. ஆட்டுக்குட்டியை எந்தப் பக்கம் பார்க்க வைப்பது என்று படுக்கையில் கிடந்து யோசிப்பேன்.

கார்த்திகையில் பெரியக்காவுக்குச் சம்பந்தம் சரிவந்தது. மாப்பிள்ளை வீட்டார் வந்து பலகாரம் சாப்பிட்டு, மார்கழியில் நல்ல காரியம் வேண்டாம், தை பிறக்க வந்து அனெக்ஸைப் பார்க்கிறோம், அப்போது வீட்டுத் திறப்பைக் கையில் தாருங்கள் என்றார்கள். அம்மாவுக்குச் சந்தோஷம். நத்தாரும் முடிந்திருக்கும், தையும் பிறந்திருக்கும். கொடுத்த வாக்கும் நிற்கும், சீதனமும் நிற்கும். அன்று பின்னேரமே அம்மா அனெக்ஸுக்குப் போய்ச் சொன்னார். அன்ரி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டா. "எங்க பெரிய பிள்ளைக்கு நல்ல இடம் சரிவந்திட்டுதே" என்று தன் சொந்தத்துக்கு வந்த மாதிரிச் சொன்னா.

அங்கேயே அது முடிந்திருக்கலாம்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு சனிக்கிழமை காலை அனெக்ஸ் பக்கத்தால் சுண்ணாம்பு மணம் வந்தது. நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். கட்டிலை நடுவில் இழுத்துப் போட்டுச் சீலையால் மூடியிருந்தது. அங்கிள் பழைய பேப்பரில் தொப்பி செய்து தலையில் போட்டுக்கொண்டு ஏணியில் நின்றார். ஹோல் பளீரென்று வெள்ளை. உள்ளறைக்கு ஒரு வாளியில் இளம்பச்சை டிஸ்டெம்பர் கரைத்து வைத்திருந்தார். பைப்பில் நெடுநாளாகச் சொட்டிக்கொண்டிருந்த தண்ணீர் நின்றிருந்தது. அதையும் அவரே திருத்தியிருந்தார். வெளியே வாசலுக்கு மேலே ஒரு புது ஆணி. நட்சத்திரத்துக்கு.

நான் பார்த்ததை அம்மாவுக்குச் சொல்ல முன்னம், தற்செயலாக வந்த சித்தப்பா வேலிக்கு மேலால் பார்த்துவிட்டார்.

எங்கள் குசினிக்குள் சித்தப்பா அம்மாவோடு கதைத்தது எனக்கு இன்றும் காதில் இருக்கிறது.

"மச்சாள், அவன் பெயின்ற் அடிக்கிறான்."

"அடிக்கட்டுமே தம்பி. அழுக்காத்தானே கிடந்தது."

"உங்களைக் கேட்டவனோ?"

"இல்லை."

"பைப்பைத் திருத்தினதுக்குக் கேட்டவனோ? ஆணி அடிக்கக் கேட்டவனோ? போகப்போறவன் சுவருக்குப் பெயின்ற் அடிப்பானோ, சொல்லுங்கோ பாப்பம். தன்ர காசில திருத்த வேலை செய்யிறானெண்டால் நாளைக்கு இது என்ர வீடு, நான்தான் பராமரிச்சனான் எண்டு நிக்கப்போறான். நாங்கள் கந்தோரில எத்தினை வழக்குப் பாத்தாச்சு!"

"அதுகள் அப்பிடியான ஆக்கள் இல்லை."

"பக்கத்து ஒழுங்கைக் கிழவரும் இதைத்தான் சொன்னவர்."

தோசைக்கு அரைத்துக்கொண்டிருந்த அம்மா ஆட்டுக்கல்லை விட்டுக் கையை எடுத்தார்.

இந்த இடத்தில் உங்களில் வேதக்காரர் யாராவது இருந்தால் தலையில் அடித்துக்கொள்வீர்கள். நத்தார் மாதம் பிறந்தால் கொட்டாஞ்சேனையில் ஒருவரும் சுவருக்கு வெள்ளை அடிக்காமல் விடுவதில்லை. அடுத்த மாதம் இடிக்கப்போகிற வீடென்றாலும் பாலன் பிறக்கிற நாளுக்கு அது வெள்ளையாக இருக்க வேண்டும். வாடகை வீடு, சொந்த வீடு என்று பார்க்க மாட்டார்கள். எங்கள் ஆட்களுக்கு அது தெரியவில்லை. எங்களில் வீட்டுக்கு வெள்ளை அடிப்பது வீட்டுக்காரன் செய்கிற காரியம். கலியாணத்துக்கு, பொங்கலுக்கு, தன் வீட்டுக்கு. ஒழுங்கைக்கு ஒழுங்கை அவர்களோடு இத்தனை காலம் பக்கத்தில் இருந்தும் அவர்கள் ஏன் வெள்ளை அடிக்கிறார்கள் என்று நாங்கள் ஒருதரமும் கேட்டதில்லை.

அப்பா கந்தோரால் வந்தார். சித்தப்பா அவரையும் பிடித்துக்கொண்டார். அப்பா "உம்" என்றார். அப்பா எதற்கும் அதைத்தான் சொல்லுவார். பெரியக்கா அறைக் கதவு நிலையில் நின்றுகொண்டிருந்தா. முகம் வெளுத்திருந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தா. சித்தப்பா திரும்பிப் பார்த்து, "கலியாணம் பேசின பொம்பிளைப் பிள்ளை சீதனக் கதைக்குள்ள வரப்படாது" என்றார். அவ உள்ளே போய்விட்டா.

மறுநாள் அம்மா வெள்ளிக்கிழமை இல்லாமலே நடுக்கதவைத் திறந்தார். கையில் சாம்பிராணிச் சட்டி இல்லை. நான் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அம்மா பொய் சொல்லிப் பழகாதவர். சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"பிள்ளை, மாப்பிள்ளை வீட்டார் மார்கழிக்கு முன்னம் வீட்டைப் பாக்கோணுமெண்டினம். வெறும் வீடாப் பாக்கோணுமாம்."

அன்ரி கையில் கேக்குக்கு நறுக்கின கஜுப் பருப்புக் கிண்ணத்தோடு நின்றா.

"நத்தாருக்கு முன்னமா அக்கா?"

"ஓம் பிள்ளை."

கிண்ணத்தை மேசையில் வைத்தா. சத்தமே வரவில்லை. அங்கிள் ஏணியால் இறங்கி, பேப்பர்த் தொப்பியைக் கழற்றினார்.

"சரி அக்கா. கல்யாணக் காரியம். நாங்க குறுக்க நிக்க மாட்டோம். சொல்லித்தானே வந்தோம்." பிறகு உள்ளறையைத் திரும்பிப் பார்த்தார். "ஆனா அந்த ரூம்ல ஒரு சுவருக்கு இன்னும் ரெண்டாவது கோட் அடிக்கல. காய்ஞ்ச பொறகுதான் அடிக்கலாம். அத முடிச்சிட்டுப் போறோமே."

அம்மா எங்கள் பக்கம் திரும்பினார். நடுக்கதவுக்கு இங்கால் சித்தப்பா நின்று தலையை ஆட்டினார். பாத்தியளோ, இழுத்தடிக்கப் பாக்கிறான் என்று அவர் கண் சொன்னது.

"வேண்டாம் தம்பி," என்றார் அம்மா. "அப்பிடியே விட்டிட்டுப் போங்கோ."

அவர்கள் போனபோது மழை தூறியது. லொறிக்குப் படங்கு போட்டிருந்தார்கள். அன்ரி ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் ஏறினா. என்னைக் கூப்பிட்டுக் கன்னத்தில் கொஞ்சினா. அவவின் கூந்தலில் அப்போதும் சாம்பிராணி மணந்தது. "ஆட்டுக்குட்டிய யாரும்மா இனி வைக்கப் போறா?" என்றா. சிரிக்கத்தான் பார்த்தா. லொறி, பஸ் ஓடும் காலி வீதிப் பக்கம் திரும்புகிற வரைக்கும் நான் கேற்றில் தொங்கிக்கொண்டு நின்றேன். கையெல்லாம் இரும்புத் துரு.

வெள்ளிக்கிழமை வந்தது. பழக்கம் விடுமா, அம்மா தணல் சட்டியோடு நடுக்கதவைத் தட்டினார். தட்டிய பிறகுதான் நினைவு வந்திருக்க வேண்டும், கொஞ்ச நேரம் கை கதவிலேயே நின்றது. பிறகு திறந்தார். நானும் பெரியக்காவும் பின்னால்.

வெறும் வீடு. நிலத்தைக் கழுவித் துடைத்திருந்தார்கள். சுவர்கள் வெளிச்சமாக இருந்தன. கட்டில் நின்ற இடத்தில் ஒரு புள்ளி பெயின்றுகூடச் சிந்தவில்லை. திறப்பு ஜன்னல் படியில் இருந்தது. அதற்குப் பக்கத்தில் கழுவிக் காயவைத்த தும்புத் தூரிகையும், மூடி இறுக்கின மிச்ச டிஸ்டெம்பர் வாளியும்.

உள்ளறைக்குள் போனோம். மூன்று சுவர் இளம்பச்சை, ஒரு சீராக. நாலாவது திட்டுத் திட்டாக. அடியில் பழைய சுண்ணாம்பு தெரிந்தது.

"வடிவான பச்சை," என்றார் அம்மா, தனக்குத்தானே. "இதுகளுக்கு இந்த நிறம் எப்பிடித் தோன்றினது?"

பெரியக்கா அழத் தொடங்கினா.

"நான்தான் சொன்னனான் அம்மா."

"என்னத்தை?"

"அன்ரி வேலிக்குள்ளால என்னட்டைக் கேட்டவ. உமக்கு என்ன நிறம் விருப்பம் எண்டு. நான் பச்சை எண்டனான். நத்தாருக்கு எப்பிடியும் நாங்க வெள்ளை அடிக்கிறதுதானே, அதோட சேத்து உம்மட ரூமையும் அடிச்சிட்டுப் போனா அம்மாவுக்குத் தை மாசம் ஒரு வேலை மிச்சம் எண்டு சொன்னவ. அம்மாட்டைச் சொல்லாதேயும், திறப்புக் குடுக்கேக்க பாக்கட்டும் எண்டும் சொன்னவ."

"அண்டைக்கு ஏன் வாயைத் திறக்கேல்லை?"

"என்னை ஆர் திறக்க விட்டது?"

சட்டியில் தணல் அவிந்துகொண்டிருந்தது. அம்மா அதை ஊதவில்லை. நாலாவது சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். கறையானுக்குத் தட்டிப் பார்க்கிற அந்த விரல்கள் அன்று தட்டவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் தையில்தான் வந்தார்கள். மார்கழி முழுக்க அனெக்ஸ் வெறுமையாகக் கிடந்தது. நத்தாரன்று நான் முன்பக்கத்தால் போய், வாசலுக்கு மேலே இருந்த வெறும் ஆணியைப் பார்த்துவிட்டு வந்தேன். தூரத்தில் ஏதோ வீட்டில் பட்டாசு வெடித்தது.

பெரியக்கா கலியாணம் முடித்து அனெக்ஸில் குடியிருந்த காலம் முழுக்க அந்த நாலாவது சுவருக்கு இரண்டாவது கோட் அடிக்க விடவில்லை. அத்தான் எத்தனை தரமோ கேட்டார். "அது அப்பிடியே கிடக்கட்டும்" என்பா. மிச்ச டிஸ்டெம்பர் வாளிக்குள்ளேயே கல்லாகிப்போனது.

அடுத்த நத்தார் நெருங்கியபோது அம்மா ஒரு காரியம் செய்தார். அப்பாவிடம் சொல்லவில்லை, சித்தப்பாவிடம் கேட்கவில்லை. பலகாரம் சுட்டு, பெரிய தட்டில் அடுக்கி, வெள்ளைத் துணியால் கட்டி, என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிக் கொட்டாஞ்சேனைக்குப் போனார். அம்மாவுக்கு அந்தப் பக்கம் தெரியாது. அங்கிளின் அண்ணன் வீட்டைக் கடைக்காரர்களிடம் அரைகுறைச் சிங்களத்தில் கேட்டுக் கேட்டுப் போனோம். ஒடுங்கிய ஒழுங்கை. இரண்டு பக்கமும் வீட்டுச் சுவரெல்லாம் புது வெள்ளை. ஒரு வீடு மிச்சமில்லாமல். ஏணிகள், வாளிகள், பேப்பர்த் தொப்பி போட்ட ஆண்கள். அம்மா நடுத்தெருவில் நின்றுவிட்டார்.

"எல்லாரும் அடிக்கினம்," என்றார்.

அன்ரி வெளியே வந்தா. மெலிந்திருந்தா. ஹோலின் நடுவே கட்டின சீலையை அவசரமாக ஒதுக்கி எங்களை உட்கார வைத்தா. சீலைக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் சண்டை பிடித்தார்கள், யாரோ வயதானவர் இருமினார். அந்த ஜாடி அலுமாரிக்கு மேலே இருந்தது. நான் அதையே பார்த்தேன்.

அம்மா பெருமைக்காரி. மன்னிப்பு என்ற சொல்லை அவர் வாயால் நான் ஒருநாளும் கேட்டதில்லை. தட்டை நீட்டினார். "அறை நல்ல வடிவா இருக்கு பிள்ளை. மகளுக்கு நல்ல விருப்பம்" என்றார்.

"பெரிய பிள்ளைக்குப் பிடிச்சிதா? அது போதும் அக்கா." தட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு அன்ரி கேட்டா: "இப்பவும் வெள்ளிக்கிழமை அந்தப் பக்கம் புகை காட்டுறீங்களா?"

"ஏன் பிள்ளை?"

"சும்மாதான். இங்க எல்லாம் இருக்கு, ஆளுக்கும் பஞ்சமில்ல. அந்த மணம்தான் இல்ல. வெள்ளிக்கிழமை பொழுதுபட்டா என்னை அறியாம தலையை அவிழ்த்துப் போட்டுட்டு நிப்பேன். இவர் சிரிப்பார். கதவு தட்டுற சத்தத்துக்குக் காத்துக்கொண்டிருக்கியா எண்டு."

அந்தக் கதவு ஏன் திறந்தது என்று அம்மாவுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அன்ரிக்கு மட்டும் தெரியாது.

"காட்டுறன் பிள்ளை," என்றார் அம்மா. "உமக்கும் சேத்துத்தான் காட்டுறன். இந்த நத்தாருக்கு அங்க வாரும். ரெண்டு பேரும் வாங்கோ. மகளிட்டைச் சொல்லிப் போட்டுத்தான் வந்தனான்."

"வாறோம் அக்கா," என்றா அன்ரி.

அந்த நத்தாருக்குப் பெரியக்கா புறக்கோட்டையில் ஒரு கடதாசி நட்சத்திரம் வாங்கி அந்த ஆணியில் கட்டினா. உள்ளே மூங்கில் கீலம், வெளியே சிவப்பும் மஞ்சளும். ஒழுங்கையில் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். அம்மா காலையிலிருந்து கேற்றடியில் கதிரை போட்டு இருந்தார். ஒவ்வொரு ரயிலும் போகும்போது வீடு கிலுகிலுத்தது. ஒவ்வொரு பஸ் நிற்கிற சத்தத்துக்கும் நான் ஓடினேன்.

அவர்கள் வரவில்லை. என்ன காரணமோ. பிறகு வத்தளைப் பக்கம் போனார்கள் என்று யாரோ சொன்னார்கள், வெளிநாடு போனார்கள் என்று வேறு யாரோ சொன்னார்கள். நான் ஆட்டுக்குட்டி வைத்தது இல்லை. அந்த ஜாடிக்குள் ஊறின பழத்தின் கேக் எப்படி ருசித்திருக்கும் என்றும் எனக்குத் தெரியாது. இந்த வயதில், கடையில் எந்தக் கேக்கைக் கடித்தாலும், இது இல்லை என்றுதான் நாக்கு சொல்லுகிறது.

பெரியக்கா கனடாவுக்குப் போன பிறகு அனெக்ஸைத் திரும்பவும் வாடகைக்கு விட்டோம். அன்றைக்கு அம்மா ஒரு சட்டம் போட்டார். சித்தப்பாவின் சட்டம் இல்லை, தன் சட்டம். யார் குடிவந்தாலும், எந்த மாதம் வந்தாலும், நத்தார் முடியாமல் அந்தப் பக்கத்தில் இருந்து ஒருவரையும் எழும்பச் சொல்லப்படாது. அம்மா போன பிறகும் நான் அதை மாற்றவில்லை.

சுற்றிவர எல்லாம் பிளட்டாகிவிட்டது. எங்கள் கூரைக்கு வெயில் விழுவதே மத்தியானத்தில்தான். இடத்தைக் கேட்டு வருகிறார்கள், வந்து போகிறார்கள். போன கிழமை தரகர் ஒரு இளம் சோடியைக் கூட்டிக்கொண்டு வந்தார். கிராண்ட்பாஸ் பக்கத்து முஸ்லிம் ஆட்கள், புதிதாகக் கலியாணம் முடித்தவர்கள். நான் என் நிபந்தனைகளைச் சொன்னேன். தரகர் சிரித்தார்.

"என்ன அன்ரி, இவங்களுக்கு என்ன நத்தார்?"

"ஆராயிருந்தாலும் நத்தார் வரைக்கும் இருக்கலாம். அதுக்கு முன்னம் எழுப்ப மாட்டன்."

அந்தப் பிள்ளை வெட்கப்பட்டுக்கொண்டு கேட்டாள், "சுவருக்குப் பெயின்ற் அடிக்கலாமா அன்ரி?"

"அடியுங்கோ. உங்கட விருப்பமான நிறம் அடியுங்கோ. ரெண்டு கோட்டும் அடியுங்கோ."

"வாசலுக்கு மேல ஒரு பழைய ஆணி நீட்டிக்கொண்டு இருக்கு. அதைக் கழட்டிடவா?"

"அதை மட்டும் விடும் பிள்ளை. அது முந்திக் குடியிருந்தவையின்ர."

அவள் சரி என்று தலையாட்டினாள். யாருடையது, எப்போது என்று கேட்கவில்லை.

நடுக்கதவு இன்னும் இருக்கிறது. இப்போது அதை வைத்து ஒருவரும் சட்டம் பேசுவதில்லை. நான் வியாழக்கிழமைகளில் அம்மாவின் போத்தலையும் இறகையும் எடுத்துக்கொண்டு தாழ்ப்பாளுக்கு இரண்டு தரம் எண்ணெய் விடுகிறேன். பிறகு முன்பக்கத்தால் சுற்றிப் போய், ஸ்டூலில் ஏறி, அந்த ஆணிக்கும் ஒரு சொட்டு வைக்கிறேன். கடற்காற்று இரும்பைத் தின்றுவிடும். யாராவது வந்தால் நட்சத்திரத்தைத் தாங்க வேண்டும்.